கொழுப்பும் காலம் அறியும்: இரவுப் பணியும் உடலெனும் அமானிதமும்

எல்லாப் புகழும் இரவையும் பகலையும் ஒன்றன்பின் ஒன்றாக வரச் செய்யும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான அண்ணல் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!



அந்நபஃ அத்தியாயத்தில் (78:9-11) உறக்கத்தை ஓய்வாகவும், இரவை ஆடையாகவும், பகலை வாழ்வாதாரம் தேடும் காலமாகவும் தான் அமைத்திருப்பதை இறைவன் நமக்கு நினைவூட்டுகின்றான். அல்கஸஸ் அத்தியாயத்திலோ (28:71-73), மறுமை நாள் வரை இரவே நீடித்துவிட்டால் ஒளியைக் கொண்டு வருபவர் யார் என்றும், பகலே நீடித்துவிட்டால் இளைப்பாறும் இரவைத் தருபவர் யார் என்றும் வினவுகின்றான். இரவும் பகலும் அவனது அருளின் இரு கூறுகள் என்பதே இவ்வசனங்களின் செய்தி.

இவற்றை நாம் தொழுகையில் பலமுறை கேட்டிருக்கின்றோம். ஆயினும், நம் இடுப்பைச் சுற்றிப் படிந்திருக்கும் கொழுப்புக்கும் இரவு பகல் தெரியும் என்று என்றேனும் எண்ணியதுண்டா? இந்த மாதம் நாம் சிந்திக்கவிருக்கும் செய்தி அதுதான்.

இரவில் எரியும் உலைகள்

சென்னையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் இருக்கின்றது. இரும்பு உருக்கும் ஆலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இன்னும் பலவகைத் தொழிற்கூடங்களும் அங்கே உண்டு. உருக்கு உலையை மாலையில் அணைத்துக் காலையில் மூட்டுவது எளிதன்று. ஆகவே ஆலைகள் பல இரவிலும் இயங்குகின்றன. காலை 6 மணி, பிற்பகல் 2 மணி, இரவு 10 மணி என்று ஷிப்டு மாறும் நேரங்களில் வாயிற்கதவுகளில் மனிதர்கள் நிறைகின்றார்கள். பொன்னேரியிலிருந்தும் கவரைப்பேட்டையிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் வருவோர் உண்டு. பீகார், ஒடிசா போன்ற வெளிமாநிலங்களிலிருந்து வந்து தங்கியிருப்போரும் உண்டு. தேர்வாய்க்கண்டிகையிலும் காக்களூரிலும் இதே காட்சிதான்.

அவர்களுள் ஒரு சகோதரரை எண்ணிப் பாருங்கள். இரவு 10 மணிக்குப் பணியேறுகின்றார். நள்ளிரவு கடந்து 1 மணிக்குப் பசிக்கின்றது. புரோட்டா, ஆம்லெட், சர்க்கரை மிகுந்த தேநீர் என்று வயிற்றை நிரப்புகின்றார். 4 மணிக்குக் கண் சொக்கும்போது இன்னொரு தேநீர், இரண்டு பிஸ்கட். காலையில் வீடு திரும்பியதும், இரவெல்லாம் உழைத்தவர் என்ற பரிவினால் மனைவி தட்டு நிறைய இட்லி வைக்கின்றார். உண்ட உடனே படுக்கின்றார். தெருவின் ஓசையும் பிள்ளைகளின் கூச்சலும் தொலைக்காட்சியும் அவரை 11 மணிக்கே எழுப்பிவிடுகின்றன. அடுத்த வாரம் பகல் ஷிப்டு. அதற்கடுத்த வாரம் மீண்டும் இரவு.

சில ஆண்டுகளில் அவர் வயிறு முன்தள்ளுகின்றது. பரிசோதித்தால் இரத்தத்தில் சர்க்கரை. “நான் ஒன்றும் அளவுக்கு மீறி உண்பதில்லையே! உடல் வருந்தத்தானே உழைக்கின்றேன்?” என்று அவர் கேட்கின்றார். உறவினரோ, “வாயைக் கட்டினால் எல்லாம் சரியாகும்” என்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர்.

இருவர் கூற்றிலும் உண்மை இருக்கலாம். ஆனால் இருவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. எவ்வளவு உண்கிறார் என்று கேட்டோம். எப்போது உண்கிறார் என்று கேட்டோமா?

உடலுக்குள் ஒரு கடிகாரம்

1971-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரொனால்ட் கொனோப்கா, சீமோர் பென்சர் என்ற இரு அறிஞர்கள் பழ ஈக்களை ஆராய்ந்தார்கள். சாதாரண ஈக்களின் நாள் 24 மணி நேரச் சுழற்சியில் அமைந்திருக்க, சில ஈக்களின் சுழற்சி 19 மணி நேரமாகக் குறைந்தும், சிலவற்றில் 28 மணி நேரமாக நீண்டும், சிலவற்றில் சுழற்சியே இன்றியும் இருக்கக் கண்டார்கள். இவை அனைத்துக்கும் ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்றும் கண்டார்கள். உடலின் காலக்கணக்கு மரபணுவில் பொறிக்கப்பட்டிருக்கின்றது என்பது அதிலிருந்து விளங்கியது. 1984-இல் அந்த மரபணுவைப் பிரித்தெடுத்து, அது இயங்கும் முறையைப் பின்னர் விளக்கிய ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நம் தமிழகமும் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன் அவர்கள் இருண்ட குகைகளில் வாழும் வௌவால்களின் காலக்கணக்கை ஆராய்ந்தார். அத்துடன், வெளியுலகின் ஒளியோ ஓசையோ கடிகாரமோ எட்டாத தனிமை அறை ஒன்றும் அங்கே அமைக்கப்பட்டது. தாமாக முன்வந்தோர் அதில் தங்கினார்கள். பொழுது விடிந்ததா சாய்ந்ததா என்றே தெரியாத நிலையிலும் அவர்களின் உடல் உறங்குவதற்கும் விழிப்பதற்கும் தனக்கென ஒரு சுழற்சியைத் தொடர்ந்தது. சுவரில் கடிகாரம் இல்லாவிடினும் உடலுக்குள் கடிகாரம் உண்டு.

அது எவ்வாறு ஓடுகின்றது? நம் வீட்டு மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை எண்ணிக்கொள்ளுங்கள். மோட்டார் ஓடுகின்றது, தொட்டி நிறைகின்றது. நிறைந்ததும் மிதவை மேலெழுந்து மோட்டாரை நிறுத்துகின்றது. நீர் செலவாகி மட்டம் தாழ்ந்ததும் மோட்டார் மீண்டும் ஓடுகின்றது. உயிரணுவுக்குள்ளும் இத்தகைய ஏற்பாடே உள்ளது. ‘கிளாக்’, ‘பிமால்-1’ என்னும் இரு மரபணுக்களின் புரதங்கள் மோட்டாரை இயக்குபவை. அவை ‘பெர்’, ‘கிரை’ என்னும் மரபணுக்களைத் தூண்டுகின்றன. அவற்றிலிருந்து உண்டாகும் புரதங்கள் சிறுகச் சிறுகச் சேர்ந்து, போதிய அளவு ஆனதும் திரும்பி வந்து தம்மை உண்டாக்கிய தூண்டுதலையே நிறுத்துகின்றன. பின்னர் அவை சிதைந்து குறைய, மீண்டும் தொடக்கம். இந்த ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 24 மணி நேரம் ஆகின்றது. இதைத் திட்டமிட்டவனின் ஆற்றலை என்னென்பது!

தலைமைக் கடிகாரம் மூளையில், கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே உள்ளது. ஏறத்தாழ 20,000 நரம்பணுக்களைக் கொண்ட சிறு புள்ளி அது. கண்வழி வரும் ஒளியைக் கொண்டு அது நேரத்தைச் சரிசெய்துகொள்கின்றது. ஆனால் கடிகாரம் அங்கே மட்டும் இல்லை. கல்லீரலில் உண்டு, கணையத்தில் உண்டு, தசையில் உண்டு. நம் கட்டுரைக்கு உரிய கொழுப்பிலும் உண்டு.

கொழுப்புத் திசுவின் காலக்கணக்கு

கொழுப்பு என்றால் வெறும் சதைப் பொதி, உடலுக்கு வேண்டாத சுமை என்றே நாம் எண்ணியிருந்தோம். 1994-இல் ‘லெப்டின்’ என்னும் சுரப்பு கண்டறியப்பட்டபோது அந்த எண்ணம் மாறியது. “போதும், சேமிப்பு இருக்கின்றது” என்று மூளைக்குச் செய்தி அனுப்புவது லெப்டின். அதனை அனுப்புவது கொழுப்புத் திசுதான். ஆக, கொழுப்பு மூளையோடு பேசும் ஓர் உறுப்பு. பேசுவதற்கும் அதற்கு நேரம் உண்டு. லெப்டின் இரவில் உயர்கின்றது. அதனால்தான் எட்டு மணி நேரம் உண்ணாமல் உறங்க நம்மால் முடிகின்றது.

2009-இல் ஸ்பெயின் நாட்டின் முர்சியா நகரில் மார்த்தா கராவ்லெட் என்ற பெண் அறிஞரின் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள. மிகுந்த உடற்பருமன் கொண்ட 6 பெண்களின் அறுவைச் சிகிச்சையின்போது வயிற்றுத் தோலின் அடியிலிருந்தும், குடலைச் சூழ்ந்த பகுதியிலிருந்தும் சிறு கொழுப்புத் துண்டுகளை எடுத்து, உடலுக்கு வெளியே ஒரு நாள் முழுவதும் வளர்த்தார்கள். மூளையின் கட்டளை அங்கே இல்லை. கண்ணின் ஒளி இல்லை. எனினும் அத்துண்டுகளில் கடிகார மரபணுக்கள் நேரத்திற்கு நேரம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. உடலைவிட்டுப் பிரிந்த கொழுப்பும் தன் கணக்கை மறக்கவில்லை!

அதே குழுவினர் 2008-இல் பருமனான ஆண்களிடம் செய்த ஆய்வில், கொழுப்பில் ‘பெர்-2’ மரபணுவின் செயல்பாடு குறைந்தவர்களிடம் இடுப்புச் சுற்றளவு மிகுந்திருக்கக் கண்டார்கள். எது காரணம், எது விளைவு என்பதை அந்த ஒன்றைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. ஆனால் விலங்குகளிடம் செய்த சோதனைகள் அதற்கு வெளிச்சம் தருகின்றன. 2005-இல் ‘கிளாக்’ மரபணு பழுதுபட்ட எலிகள் மிகையாக உண்டு கொழுத்தன. 2012-இல் இன்னும் நுட்பமான சோதனை நடந்தது. எலியின் கொழுப்பணுக்களில் மட்டும் ‘பிமால்-1’ நீக்கப்பட்டது. மூளைக் கடிகாரம் அப்படியே விடப்பட்டது. எலிகள் இரவில் இரைதேடுபவை. ஆயினும் அந்த எலிகள் தாம் உறங்க வேண்டிய பகற்பொழுதில் உண்ணத் தொடங்கிப் பருத்துப் போயின. கொழுப்பின் கடிகாரம் கெட்டதும், மூளைக்குச் செல்லும் செய்தி கெட்டது, உண்ணும் நேரம் கெட்டது, உடலும் கெட்டது.

கிடங்கும் காவலரும்

ஆலைக் கிடங்கை நீங்கள் அறிவீர்கள். சரக்கு வந்து இறங்கும் நேரம் ஒன்று. எடுத்து வழங்கும் நேரம் ஒன்று. நம் உடலின் கிடங்கு கொழுப்பு. பகலில் உண்ட உணவின் மிச்சத்தை அது வாங்கி வைக்கின்றது. இரவில் நாம் உண்ணாதிருக்கும்போது அதைச் சிறுகச் சிறுக எடுத்து உடலுக்கு எரிபொருளாகத் தருகின்றது. சரக்கை வாங்கி வைக்கும்படி உத்தரவிடுவது இன்சுலின். அந்த உத்தரவை ஏற்கும் திறன் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. 2016-இல் கராவ்லெட் குழுவினர் வெளியிட்ட ஆய்வின்படி, தோலடிக் கொழுப்பு இன்சுலினுக்கு இணங்கும் தன்மை நண்பகலில் உச்சத்தில் இருந்தது. நள்ளிரவைக் காட்டிலும் அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு!

இனி நம் சகோதரரின் நள்ளிரவுப் புரோட்டாவுக்குத் திரும்புவோம். கிடங்கு இணங்கும் நேரம் அன்று. ஆகவே சர்க்கரை இரத்தத்திலேயே நீண்ட நேரம் நிற்கின்றது. அதைத் தள்ள கணையம் இன்னும் மிகுதியான இன்சுலினைச் சுரக்கின்றது. இன்சுலின் மிகுந்திருக்கும் வரை, சேமித்த கொழுப்பை எடுத்து எரிக்கும் பணி நின்றுபோகின்றது. வெளியே செல்ல வேண்டிய நேரத்தில் வாயில் அடைபடுகின்றது. வந்தது மட்டும் தங்குகின்றது. மேலும், உண்ணும் நேரம் மாறும்போது கல்லீரல் முதலிய உறுப்புகளின் கடிகாரங்கள் அதற்கேற்ப நகரத் தொடங்குகின்றன. மூளைக் கடிகாரமோ ஒளியைப் பார்த்து ஓடுகின்றது. ஒரே வீட்டில் ஒவ்வொரு கடிகாரமும் ஒவ்வொரு நேரம் காட்டினால் அந்த வீட்டின் நிலை என்னவாகும்?

இது வெறும் ஊகம் அன்று. 2009-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் ஷீர் குழுவினர் 10 பேரை ஆய்வகத்தில் தங்க வைத்து, உறக்கத்தையும் உணவையும் படிப்படியாக 12 மணி நேரம் தலைகீழாக மாற்றினார்கள். அவர்களிடம் லெப்டின் 17 சதவீதம் குறைந்தது. இன்சுலின் 22 சதவீதம் கூடியும் சர்க்கரை 6 சதவீதம் உயர்ந்தது. நலமுடன் வந்தவர்களில் மூவருக்கு, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை நீரிழிவுக்கு முந்தைய நிலையை எட்டியது. சில நாட்களிலேயே இப்படி என்றால், பல ஆண்டுகள் ஷிப்டு மாறி மாறி உழைப்பவரின் உடலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

2022-இல் அதே நகரில், உடல் எடை மிகுந்த 16 பேருக்கு ஒரே உணவை, ஒரே அளவில் கொடுத்தார்கள். ஒருமுறை உரிய நேரத்தில். இன்னொரு முறை ஏறத்தாழ 4 மணி நேரம் தாமதித்து. தாமதித்தபோது பசி கூடியது; உடல் செலவிடும் ஆற்றல் குறைந்தது; கொழுப்புத் திசுவின் மரபணுக்கள் சேமிக்கும் பக்கம் சாய்ந்தன. ஸ்பெயினில் உடல் எடையைக் குறைக்க முயன்ற 420 பேரை 20 வாரங்கள் கவனித்து 2013-இல் வெளியான ஆய்விலும், மதிய உணவைப் பிற்பகல் 3 மணிக்கு மேல் உண்டவர்கள் மற்றவர்களை விடக் குறைவாகவே எடை இழந்தார்கள். இரு சாராரும் உண்ட அளவோ ஏறக்குறைய ஒன்றுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஆய்வகச் சோதனைகளில் கலந்துகொண்டோர் சிலரே. உடற்பருமனுக்கு உணவின் அளவு, இனிப்பு, எண்ணெய், உடலுழைப்பின்மை, பரம்பரை, மனக்கவலை என்று காரணங்கள் பல உண்டு. கடிகாரம் அவற்றுள் ஒன்று. “என் மரபணு அப்படி, நான் என் செய்வேன்?” என்று கைகட்டி அமர்வதற்கு இதில் இடமில்லை. உண்ணும் நேரம் நம் கையில் இருக்கின்றது அல்லவா?

நம் வீட்டு நிலை

சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி அறிஞர்கள் முன்னின்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் நாடு முழுவதும் 1,13,043 பேரிடம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. இந்தியாவில் வளர்ந்தோரில் 11.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு; தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். வயிற்றுப் பருமன் உடையோர் நாட்டில் 39.5 சதவீதம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகப் பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் உரிய எடையைத் தாண்டியவர்கள்.

இந்தியருக்கு இன்னொரு சோதனையும் உண்டு. பார்க்க ஒல்லியாக இருப்பவருக்கும் வயிற்றுக்குள் கொழுப்பு மிகுந்திருக்கும். ஆகவே தராசை மட்டும் நம்பாதீர்கள். தையற்காரரின் நாடாவை எடுத்து இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நம் நாட்டு மருத்துவர்கள் வகுத்துள்ள எல்லை. அதைத் தாண்டினால் சர்க்கரையைப் பரிசோதிப்பது கடமை என்று கொள்ளுங்கள்.

மார்க்கம் கற்பித்த ஒழுங்கு

திருமறை மரபணுவைக் கற்பிக்க வந்த பாடநூல் அன்று. மனிதனை நேர்வழியில் நடத்த வந்த வேதம். அதன் சொற்களை ஆய்வகக் கண்டுபிடிப்புகளோடு வலிந்து பொருத்த வேண்டிய தேவையும் நமக்கில்லை. ஆனால் அது கற்பித்த வாழ்க்கை ஒழுங்கு, படைத்தவன் உடலில் வைத்த ஒழுங்கோடு ஒத்துப்போவதைக் காணும்போது ஈமான் உறுதிப்படுகின்றது.

ஐவேளைத் தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை (4:103). வைகறையில் எழுப்பி, இஷாவோடு நாளை முடித்து வைக்கும் அட்டவணை அது. இஷாவுக்கு முன் உறங்குவதையும், அதன்பின் வீண் பேச்சில் விழித்திருப்பதையும் நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று புகாரீ நூலில் காண்கிறோம். தம் உம்மத்தின் அதிகாலைப் பொழுதில் பரக்கத்தை வேண்டி அவர்கள் துஆச் செய்ததாக அபூதாவூத், திர்மிதீ நூல்கள் அறிவிக்கின்றன. உண்பதும் பருகுவதும் ஆகும், வரம்பு மீறுதல் ஆகாது என்பது இறைக்கட்டளை (7:31). வயிற்றின் மூன்றில் ஒரு பங்கே உணவுக்கு, மற்ற இரண்டும் நீருக்கும் மூச்சுக்கும் என்பது அண்ணலார் வகுத்த அளவு (திர்மிதீ). இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பு நோற்ற அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களிடம், உடலுக்கும் கண்ணுக்கும் அவர் செலுத்த வேண்டிய உரிமைகள் உண்டு என்று நபியவர்கள் உணர்த்தினார்கள் (புகாரீ). வணக்கத்திற்காக விழித்தவருக்கே இந்த அறிவுரை என்றால், கைப்பேசிக்காக விழித்திருப்போருக்கு என்ன சொல்வது?

இரவுப் பணி குற்றமா?

இல்லவே இல்லை! ஹலாலான சம்பாத்தியத்திற்காக இரவில் விழிப்பவர் நன்மைக்குரியவர். தன் கையால் உழைத்து உண்பதைவிடச் சிறந்த உணவில்லை என்றும், நபி தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பிலேயே உண்டார்கள் என்றும் ஹதீஸ் கூறுகின்றது (புகாரீ). அந்த தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்பை மென்மையாக்கிக் கொடுத்ததாக இறைமறை சொல்கின்றது (34:10). கும்மிடிப்பூண்டியின் இரும்பாலைச் சகோதரர்கள் இதை எண்ணி மகிழலாம். நாம் உறங்கும்போது மருத்துவமனையிலும் ரயிலிலும் மின்நிலையத்திலும் விழித்திருப்போரால்தான் நம் இரவு அமைதியாகக் கழிகின்றது.

ஆகவே அவர்களின் தொந்தியைப் பார்த்துக் கேலி செய்யாதீர்கள். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதைத் திருமறை தடுக்கின்றது (49:11). அந்த வயிறு சோம்பலின் அடையாளமாக இல்லாமல், உங்கள் வீட்டு அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கும் அவர் கொடுத்த விலையாகவும் இருக்கலாம்.

இரவுப் பணிச் சகோதரரே! உங்களுக்குச் சில யோசனைகள்.

பணிக்குச் செல்லும் முன், மாலையிலேயே, இயன்றால் மக்ரிபை ஒட்டி, முக்கிய உணவை முடித்துவிடுங்கள். நள்ளிரவு முதல் விடியும் வரை வயிறு நிறைய உண்பதைத் தவிருங்கள். 2021-இல் 19 பேரிடம் செய்த ஆய்வில், இரவு விழித்தாலும் பகலில் மட்டும் உண்டவர்களுக்குச் சர்க்கரை உயரவில்லை. இரவிலும் உண்டவர்களுக்கே உயர்ந்தது. பசி தாங்காவிடில் ஒரு கைப்பிடிச் சுண்டலோ, வேர்க்கடலையோ, ஒரு பழமோ போதும். தாகத்திற்கு நீர், தேநீரில் சர்க்கரையைக் குறையுங்கள். 6 மணிக்கு ஷிப்டு முடியட்டும் என்று ஃபஜ்ரைத் தள்ளிப் போடாதீர்கள். கோடையில் அதற்கு முன்பே கதிரவன் உதித்துவிடும். கடமையை ஆலையிலேயே நிறைவேற்றிவிட்டு, வீடு வந்ததும் அளவாக உண்டு உறங்குங்கள். லுஹருக்கு எழுந்து, அதன்பின் வீட்டாரோடு அமர்ந்து உண்ணுங்கள்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள் தாமாக உணவு நேரத்தை மாற்றக் கூடாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். முதலில் மருத்துவரிடம் ஷிப்டு நேரத்தைச் சொல்லுங்கள். “நான் இரவில் வேலை செய்கிறேன்” என்ற ஒரு சொல் மருந்தின் நேரத்தையே மாற்றக் கூடும்.

குடும்பத்தாரின் கடமை

இல்லத்தரசிகளே! நடுநிசியில் உண்ணப் பெரிய டிபன் கேரியரை நிரப்பிக் கொடுப்பது பாசம்தான். ஆனால் அதே பாசத்தை மாலை 7 மணிக்குக் காட்டுங்கள். சூடாக, சத்தாக, காய்கறியும் பருப்பும் சேர்த்துப் பரிமாறி அனுப்புங்கள். காலையில் திரும்பியவருக்குத் தட்டை நிறைப்பதைவிட அறையை இருட்டாக்குவதே பெரிய உபகாரம். சன்னலுக்குத் தடித்த திரை போடுங்கள். இரவை ஆடையாக்கிய இறைவனின் அருளைப் பகலில் ஒரு திரைச்சீலையால் அவருக்கு ஓரளவேனும் கொடுக்க முடியும்.

பிள்ளைகளே! அத்தா உறங்கும்போது தொலைக்காட்சியின் ஒலியைத் தணிப்பதும் பெற்றோருக்குச் செய்யும் பணிவிடைதான்.

பகலில் பணிபுரியும் குடும்பங்களும் தங்களைச் சற்றுப் பார்த்துக்கொள்ளட்டும். ஆலை அழைக்காமலேயே நாம் நம் வீட்டில் இரவு ஷிப்டு நடத்துகின்றோம். இரவு 11 மணிக்கு வலீமா விருந்து; பந்தியில் பிரியாணி, கறி, இனிப்பு; வீடு சேர நள்ளிரவு. நிகாஹ் விருந்தை மக்ரிபுக்கும் இஷாவுக்கும் இடையில், அல்லது பகலிலேயே முடித்துவிட்டால் பரக்கத்துக்கு ஏதும் குறைவுண்டா?

ரமளானின் இரவுகள்

நோன்பு உணவுக்கு நேரம் வகுக்கும் வணக்கம். வைகறை தெளிவாகும் வரை உண்ணவும் பருகவும் அனுமதித்து, பின் இரவு வரை நோன்பை முழுமையாக்கச் சொல்கின்றது இறைமறை (2:187). நோன்பு திறப்பதை விரைவுபடுத்தச் சொன்னார்கள் நபியவர்கள். சஹர் உணவில் பரக்கத் இருப்பதாகவும் சொன்னார்கள். இவ்விரண்டையும் பேணினால் போதும். நாமோ இஃப்தாரில் சமோசாவும் பஜ்ஜியும், தராவீஹுக்குப் பின் தெருக்கடையில் கபாபும் பலூதாவும், பின்னர் சஹர் என்று இரவெல்லாம் உண்டு, பகலெல்லாம் உறங்குகின்றோம். நோன்பு மாதத்தில் எடை கூடி நிற்பது எவ்வளவு பெரிய முரண்! நோன்புக் கஞ்சியும் பேரீச்சையும் அளவான உணவும் கொண்டு நோன்பைத் திறந்து, தராவீஹ் முடித்து உறங்கி, சஹருக்கு எழுங்கள்.

முதலாளிமாரும் ஜமாஅத்தாரும்

உங்கள் கீழ் உழைப்போர் உங்கள் சகோதரர்கள், அவர்களின் சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் உதவுங்கள் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அறிவிக்கும் நபிமொழி உண்டு (புகாரீ). தொழிற்கூடம் நடத்தும் சகோதரர்களே! இரவுப் பணியை ஒரே ஆளின் தலையில் தொடர்ந்து சுமத்தாதீர்கள். ஷிப்டு மாறும்போது இடையில் போதிய ஓய்வு கொடுங்கள். கேன்டீனில் நள்ளிரவுக்கு எண்ணெய்ப் பண்டத்திற்கு மாற்றாக எளிய உணவை வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனை செய்யுங்கள். வெளிமாநிலத் தொழிலாளிக்குத் திரை போட்டுத் தர மனைவி இங்கில்லை. அவர் உறங்கும் இடத்தை இருளும் அமைதியும் உள்ளதாக ஆக்குவது உங்கள் பொறுப்பு.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் ஒரு செவிலியரையும், சர்க்கரை பார்க்கும் சிறு கருவியையும், ஓர் அளவு நாடாவையும் முற்றத்தில் அமர்த்துங்கள். பெரும் செலவில்லை. நோய் முற்றிக் கால்விரல் இழந்தபின் நிதி திரட்டுவதைவிட இது மேலான தர்மம்.

அன்புச் சகோதரர்களே! கண்ணுக்குத் தெரியாத ஒரு கொழுப்பணுவும் தனக்கு விதிக்கப்பட்ட நேரத்தை மறவாமல் நடக்கின்றது. அறிவு கொடுக்கப்பட்ட நாம் மட்டும் இரவைப் பகலாக்கி, பகலை இரவாக்கி, “உடல் ஏன் ஒத்துழைக்கவில்லை?” என்று கேட்கின்றோம். கடமை அழைத்ததால் அவ்வாறு செய்வோருக்குத் துணை நிற்போம். கடமையின்றிச் செய்வோர் திருந்துவோம். இன்றிரவு உங்கள் வீட்டில் கடைசிக் கவளம் எத்தனை மணிக்கு உண்ணப்படுகின்றது என்று கவனியுங்கள். நாளை அதை ஒரு மணி நேரம் முன்னே கொண்டு வாருங்கள். மாற்றம் அங்கிருந்து தொடங்கட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் இரவில் நிம்மதியையும் பகலில் பரக்கத்தையும் தந்தருள்வாயாக! ஹலாலுக்காக இரவில் விழித்திருக்கும் எங்கள் சகோதர சகோதரிகளின் உடலையும் குடும்பத்தையும் பாதுகாப்பாயாக! நீ ஒப்படைத்த இந்த உடலெனும் அமானிதத்தைப் பேணி, அதைக் கொண்டு உன்னை வணங்கும் நல்லடியார்களாக எங்களை ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.